பத்து நிமிட மந்திரம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஆட்டம் மூன்று மணிக்குத்தான். இப்போது இரண்டு முப்பத்திரண்டு. இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருக்கிறது. எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. ஆனாலும் உங்களிடம் பேசியாக வேண்டும். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

சௌந்தரம்தான் உங்களை வரச் சொன்னாளா? எங்கே பார்த்தாள்? கண் ஆஸ்பத்திரி வரிசையிலா? அப்படித்தான் இருக்கும். எனக்கு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. இப்போது தன் கண்ணைக் காட்டுகிறேன் என்று போகிறாள், போகிற இடத்தில் ஆள் பிடித்துக்கொண்டு வருகிறாள். என்னைப் பற்றி என்ன சொன்னாள்? கணக்காக இருப்பார் என்றாளா? அவ்வளவுதானா? சரி.

நான் அவள் வீட்டுக்காரன். சென்னியப்பன். மில்லில் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம். எட்டாவதுவரைதான் படித்தேன், ஆனால் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று என் புத்தகம் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சௌந்தரமும் அதே மில்தான், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று நாள் தாமதமாக வந்திருக்கிறாள். மூன்றையும் எழுதினேன். அப்புறமும் என்னைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சிங்காநல்லூரில் டிரைவிங் ஸ்கூல் மாடியில் கிழடு ஒன்றுக்கு என்ன விளையாட்டு என்று நினைக்கிறீர்கள். என் வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தேன், இரண்டு வருஷம் ஒரு மாதம் முன்னால். வார நாளில் இங்கே பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஜெனிட்டா. ஞாயிற்றுக்கிழமை இந்த மேஜையில் கதை நடத்துவதும் அவர்தான். ஆட்டம் கஷ்டமில்லை. அவர் ஒரு உலகத்தைச் சொல்வார். நாம் ஒவ்வொருவரும் அதற்குள் ஒரு ஆள். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். எதிரி எங்கே நிற்கிறான் என்று காட்ட அதோ அந்தப் பலகை. சாலை விதி சொல்லிக்கொடுக்கிற காந்தக் கார்கள் ஒட்டியிருக்கிறதே, அதுதான். லாரி என்றால் ராட்சசன். மஞ்சள் பஸ் என்றால் பாம்பு. முதல் நாள் எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்றைக்கு நான் போகாமல் நின்றது ஒரு விதியினால். ஜெனிட்டா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். மந்திரவாதி ஒரு நாளைக்கு ஆறு தடவைதான் மந்திரம் போடலாம், ஆறும் தீர்ந்தால் தூங்கி எழுந்தால்தான் மறுபடி. ஆனால் சில மந்திரங்களுக்குப் பக்கத்தில் சடங்கு என்று குறி போட்டிருக்கும். அதை அவசரமாகப் போட்டால் ஆறில் ஒன்று குறையும். பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து, முறையாகச் சடங்கு செய்து போட்டால் ஒன்றும் குறையாது. அந்தப் பத்து நிமிடமும் வேறு வேலை கூடாது. நடுவில் அடிபட்டுக் கவனம் கலைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நேரம் கொடுத்தால் மிச்சம் பிடிக்கலாம். இப்படி ஒரு சட்டம் மில்லில்கூட இல்லை. நான் கேட்டேன், அந்தப் பத்து நிமிடத்தை யார் எண்ணுகிறார்கள் என்று. ஒருவரும் எண்ணவில்லை. குத்துமதிப்பாக விட்டுவிடுவோம் சார் என்றார்கள். குத்துமதிப்பு. அடுத்த ஞாயிறு நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தேன்.

அதிலிருந்து கதைக்குள் மணி என்ன என்பது என் பொறுப்பு. இதோ பாருங்கள், பதினோராவது நோட்டு. காலை ஆறு நாற்பது, கூடாரத்தைப் பிரித்தோம். ஏழு ஐந்து, ஆற்றங்கரை. எங்கேயும் அடித்தல் திருத்தல் கிடையாது. ரப்பர் நான் வைத்துக்கொள்வதில்லை. தஸ்தகீர் என்று ஒருவர் வருவார், மருந்துக்கடை வைத்திருக்கிறார், இங்கே வாள் வீரர். அவர் சொல்வார், சார் நோட்டில் எழுதவில்லை என்றால் இந்த உலகத்தில் சூரியனே உதிக்காது என்று. கேலிதான். இருந்தாலும் உண்மை.

நான் மந்திரவாதி. பெயர் வச்சிரபாகு. என் புத்தகத்தில் சடங்கு மந்திரம் ஒன்பது. அதில் பெரியது தண்ணீர் மந்திரம். பத்துப் பேர்வரை ஒரு முழு நாள் தண்ணீருக்கு அடியில் மூச்சு விடலாம். ஆனால் சம்மதிக்கிற ஆளுக்கு மட்டும்தான் பலிக்கும். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்தில் அதை நான் நாலு தடவை செய்திருக்கிறேன். நாலு தடவையும் எல்லோரும் பத்து நிமிடம் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் ஒன்றும் பேசுவதில்லை. சடங்கு ஆரம்பம், பத்து நிமிடம், சடங்கு முடிந்தது என்பேன். எழுதிக்கொள்வேன். அவ்வளவுதானே வேண்டும்?

அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன். இரண்டு மணிக்கு ஒரு சொட்டு, நாலு மணிக்கு ஒரு சொட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். படியேற ஒரு கை வேண்டும், சொட்டு விட ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் அவள் வந்தாள். சொட்டு விட்டுவிட்டு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டாதான், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்களும் வாங்களேன் என்றார். இவள் வரமாட்டாள் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள்.

காட்டு வைத்தியச்சி வேண்டும் என்றாள். உங்கள் ஆளுக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். "பேரெல்லாம் எதுக்குங்க, சௌந்தரம்ன்னே இருக்கட்டும்" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். வச்சிரபாகு என்று நான் இரண்டு நாள் யோசித்து வைத்த பெயருக்கு ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை.

இன்னொன்று கேளுங்கள். என்னை இவர்கள் சார் என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு வருஷமாகச் சார்தான். அவள் இரண்டாவது வாரத்திலேயே சௌந்தரம்மா. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என்ற வார்த்தை பதினாலு தடவை, சௌந்தரம்மா அறுபத்திரண்டு தடவை. யாழினி என்று காலேஜில் பாடம் எடுக்கிற பெண் ஒருத்தி வருவாள், ஆட்டத்தில் திருடி. அவள் இப்போது சௌந்தரத்தை வீட்டுக்கே வந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறாள். என் கண் ஆறி மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் பஸ்ஸில் வருகிறேன்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. சடங்குதான் பெரிது. காட்டு வைத்தியச்சிக்கும் சடங்கு உண்டு. ஆனால் புத்தகம் வேண்டாம். மந்திரவாதியாகிய எனக்குக் கையில் புத்தகம் இல்லாமல் ஆகாது, அவளுக்கு இன்றைக்கு இன்ன மந்திரம் என்று காலையில் மனதில் எடுத்து வைத்திருந்தால் போதும். அந்த விதியே எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் இல்லாத ஆளை எதைக் கொண்டு சரிபார்ப்பது?

அவள் முதல் தடவை சடங்கு செய்தபோது நான் எப்போதும்போலப் பத்து நிமிடம் என்று எழுதப் போனேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்கிறேன் என்றாள். பிறகு ஒரு கை தண்ணீர் எடுக்கிறேன், அதில் என் முகம் ஆடாமல் நிற்கும்வரை பார்க்கிறேன் என்றாள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒன்று வைத்திருந்தாள். எங்கிருந்து வந்ததோ. ஜெனிட்டா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறார். தஸ்தகீர் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் அவள் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் பேசியதில்லை. இவர்களிடம் பேசுகிறாள்.

அப்போது நான் என்ன செய்வேன் என்றா கேட்கிறீர்கள்? பென்சில் சீவுவேன். அவள் பேச ஆரம்பித்தால் சீவ ஆரம்பிப்பேன். எப்படியும் சீவ வேண்டியதுதானே. வீட்டில் என்றால் பேப்பர் பார்ப்பேன்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இப்போது இரண்டு நாற்பத்து மூன்று.

கதையில் ஒரு பழைய குளம், குளத்துக்கு அடியில் ஒரு கல் அறை. அதற்கு முந்தின சண்டையில் என் ஆறு மந்திரமும் தீர்ந்துவிட்டது. அவளுடைய ஐந்தும் தீர்ந்துவிட்டது. படியிறங்கி உள்ளே போனோம். பதினொன்று இருபதுக்குக் கதவு மூடிக்கொண்டது. சுவரில் ஓட்டை, தண்ணீர் உள்ளே வருகிறது. ஜெனிட்டா சொன்னார், பன்னிரண்டு நிமிடத்தில் கூரையைத் தொடும் என்று. அதாவது பதினொன்று முப்பத்திரண்டு. சடங்குக்குப் பத்து நிமிடம். நேரம் இருக்கிறது. இதோ பாருங்கள் வரி. பதினொன்று இருபது, கதவு மூடியது. அதற்கு அடுத்த வரி, பதினொன்று இருபத்தொன்று, வச்சிரபாகு சடங்கு ஆரம்பம்.

பதினொன்று இருபத்தொன்பதுக்கு மஞ்சள் பஸ் வந்தது. பாம்பு. என்னைத்தான் கடித்தது. கவனம் நிற்குமா என்று பகடை போடச் சொன்னார். மூன்று விழுந்தது, போதவில்லை. எட்டு நிமிடச் சடங்கு போயிற்று. திரும்ப ஆரம்பிக்க வேண்டும், பாக்கி இருப்பதோ மூன்று நிமிடம்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என்னால் எல்லோரும் செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் யாருக்கும் முகம் மாறவில்லை. ஜெனிட்டா என்னைப் பார்த்து, "பரவால்ல சார், சௌந்தரம்மா உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

எப்போது ஆரம்பித்தாள் என்றேன். கதவு மூடின உடனே என்றார்கள். தண்ணீர் மந்திரத்தைக் காலையிலேயே மனதில் எடுத்து வைத்திருந்தாளாம். கதவு மூடியதும், நான் இங்கேயே உட்கார்ந்து ஆரம்பிக்கிறேன் என்று ஜெனிட்டாவிடம் மெதுவாகச் சொன்னாளாம். நான் குனிந்து சீவிக்கொண்டிருந்தேனாம். நிமிர்ந்து நானும் ஆரம்பிக்கிறேன் என்று சொன்னதும், யாழினி வாயைத் திறந்தாளாம், சௌந்தரம் கையைக் காட்டி நிறுத்தினாளாம். "இருக்கட்டுமுங்க, அவரும் பண்ணட்டும்." இப்படிச் சொன்னாளாம். எட்டு நிமிடம் நான் சடங்கு செய்துகொண்டிருக்கிறேன், மேஜையில் எல்லோருக்கும் தெரியும் அது வேண்டியதில்லை என்று. எனக்கு மட்டும் தெரியாது. நீங்களே சொல்லுங்கள், இது உபகாரமா, அவமானமா?

நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். இருபதுக்கு ஒரு வரி, இருபத்தொன்றுக்கு ஒரு வரி. நடுவில் ஒன்றும் இல்லை. "நோட்டுல இல்லை" என்றேன். தஸ்தகீர், நாங்கள் மூன்று பேரும் கேட்டோம் சார் என்றார். நீங்கள் கேட்டிருக்கலாம், நோட்டில் இல்லை என்றேன். யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

ஜெனிட்டா விதியைப் படித்தார். சம்மதிக்கிற ஆளுக்கு மட்டும். ஒவ்வொருவராகக் கேட்டார். தஸ்தகீர் சம்மதம் என்றார். யாழினி சம்மதம் என்றாள். பிறகு என்னைக் கேட்டார்.

நான் என்ன சொல்வது? சம்மதம் என்றால் அவள் அப்போதே ஆரம்பித்தாள் என்று ஒப்புக்கொண்டதாகும். என் புத்தகம் தப்பு என்றாகும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை. நான் பேசாமல் இருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு ஆயிற்று. தண்ணீர் கூரையைத் தொட்டது. அவர்கள் மூன்று பேரும் மீன் மாதிரி மூச்சு விடுகிறார்கள், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். உங்கள் ஆள் இரண்டு நிமிடம் மூச்சடக்குவான், அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று ஜெனிட்டா ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

ஆக ஒரு வாரமாக நான் தண்ணீருக்குள் இருக்கிறேன்.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. திங்கட்கிழமை கீரை. செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கேதான் உங்களைப் பார்த்திருப்பாள். வியாழக்கிழமை காலையில் குளிக்கப் போனவன் வாளியில் முகத்தை முக்கி எண்ணிப் பார்த்தேன், இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு என்று. நாற்பத்தொன்றுதான் முடிந்தது. நாற்பத்தொரு வினாடி. இரண்டாம் தடவை முக்கினபோது அவள் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, உள்ள என்ன பண்றீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள். "ஒரு வார்த்தைதானுங்க" என்றாள். அப்புறம் காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் போயிற்று.

சம்மதம் என்பது அவளுக்கு ஒரு வார்த்தை. எனக்கு நோட்டில் இல்லாத ஒரு வரி.

வெள்ளிக்கிழமை தஸ்தகீரை மருந்துக்கடையில் பார்த்தேன். இந்த வாரம் புதிதாக ஒருவர் வருகிறார் சார் என்றார். நான் இன்னும் சாகவில்லை, அதற்குள் என் இடத்துக்கு ஆள் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். உங்களைத் திட்டுவதற்கென்றுதான் இன்றைக்கு முன்னாலேயே வந்தேன். மாடிக்கு வந்து பார்த்தால் ஆறு நாற்காலி போட்டிருக்கிறது. எப்போதும் ஐந்துதான் இருக்கும். யாழினி நேற்றே வந்து போட்டுவிட்டுப் போனாளாம், கீழே வாட்ச்மேன் சொன்னார். சௌந்தரம்மா ஆறு போடச் சொன்னார்கள் என்று. ஆறு. எண்ணிக்கொள்ளுங்கள். ஜெனிட்டா, தஸ்தகீர், யாழினி, அவள், நீங்கள். ஆறாவது யாருக்கு?

அதனால்தான் உங்களைத் திட்டவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இரண்டு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. மில்லில் ஒரு முறை உண்டு. டைம் ஆபீஸ் புத்தகத்தில் எழுதினதை எழுதினவனே திருத்தக் கூடாது. வேறு ஒரு ஆள்தான் திருத்த வேண்டும். சிவப்பு மையில், ஓரத்தில், நேரம் போட்டு, கையெழுத்தும் போட வேண்டும். அந்த ஆள் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது. தஸ்தகீரும் யாழினியும் அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள், ஆகாது. ஜெனிட்டா நடத்துகிறவர், அவரும் ஆகாது. இந்த மேஜையில் சம்பந்தப்படாத ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இந்தாருங்கள், சிவப்புப் பேனா. புதிது, வரும் வழியில் வாங்கினேன். பக்கம் இதுதான். இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நேராக, இந்த ஓரத்தில் எழுத வேண்டும். அவள் சரியாக எப்போது ஆரம்பித்தாள் என்று குத்துமதிப்பாக எழுதாதீர்கள். அவளிடம் கேட்டு எழுதுங்கள். நான் கேட்டால் நன்றாக இருக்காது. எப்படி ஆரம்பித்தாள், முதலில் என்ன செய்தாள் என்பதையும் கேளுங்கள். ஓரம் போதாவிட்டால் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, கணக்கு முழுதாக இருக்க வேண்டும், அதற்குத்தான். ஓரத்தில் வரி வந்துவிட்டால் ஜெனிட்டா கேட்கும்போது பதில் சொல்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. அந்த நேரத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். தண்ணீருக்குள் நிற்கிறவன் நோட்டில் எழுத முடியாது.

இல்லை, பென்சில் சீவ வேண்டியதில்லை. மூன்று பென்சிலையும் வீட்டிலேயே சீவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்கூட்டர் சத்தம். அவர்கள்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அந்த நாற்காலி அவளுடையது. கால் ஒன்றும் ஆடாது, சும்மா சொன்னேன். பதினெட்டுப் படி, அவளுக்கு இப்போது முட்டி வலி, நடுவில் ஒரு தடவை நிற்பாள். நின்றுவிட்டாள். இதோ.

வா சௌந்தரம். இவர் உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்.